உடலைச் சொல்லும் உவமைகள்

தமிழ் இலக்கணம் உவமையை வெறும் அணியாகக் கருதி ஒதுக்கியதில்லை. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயலையே அதற்கென வகுத்தார். வினை, பயன், மெய், உரு என உவமையை நால்வகைப்படுத்தினார். ஒரு பொருள் மற்றொரு பொருளைச் செயலால் ஒக்கலாம், விளைக்கும் பயனால் ஒக்கலாம், வடிவால் ஒக்கலாம், நிறத்தால் ஒக்கலாம். புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மாரி போல வழங்கினான் என்பது பயன். துடி போன்ற இடை என்பது மெய். பவளம் போன்ற வாய் என்பது உரு. தமிழாசிரியர் எவரும் வகுப்பறையில் பலமுறை நடத்திய பாடம் இது.

செய்யுளில் இப்பாகுபாடு சுவைக்குத் துணை செய்கிறது. அறிவியல் உரைநடையில் அதன் பணி இன்னும் பெரிது. அங்கே உவமை, காணாத ஒன்றைக் காணச் செய்யும் கருவியாகிறது. உயிரணுவை நுண்ணோக்கியில் கண்டவர் சிலர். உவமையில் கண்டவரே பலர். வடிவால் மட்டும் ஒக்கும் ஒன்றைச் செயலாலும் ஒக்குமென்று படிப்பவர் கொண்டுவிடின், தவறான அறிவு அவர் உள்ளத்தில் வேரூன்றிவிடும். உடலைப் பற்றிய தமிழ் உரைநடையில் இது நேர்ந்திருக்கிறது. பாடநூல்களிலும், வார இதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும், மேடைப் பேச்சுகளிலும் மூன்று உவமைகள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகின்றன. உயிரணு செங்கல்; மூளை அரசன்; வெள்ளணு படைவீரன். உடலின் தலையாய இயல்பு, அது தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் திறன். அத்திறனை இம்மூன்று உவமைகளும் எந்த அளவுக்கு விளக்குகின்றன, எந்த அளவுக்கு மறைக்கின்றன என்பது ஆராயத்தக்கது.

அம்பாங்கும் குருதியும்

இவ்வாராய்ச்சிக்கு அம்பாங் பொருத்தமான களமாகும். 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளரை அனுப்பினார். அவர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறிச் சென்று, கோம்பாக் ஆறு வந்து கலக்குமிடத்தில் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு திங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் அவர்களுள் 69 பேரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர் 18 பேரே. அவர்கள் கரையிறங்கிய இடமே பின்னர்க் கோலாலம்பூராக வளர்ந்தது.

அக்காய்ச்சல் சதுப்பு நிலத்து நச்சுக் காற்றால் வருவதென்றே அந்நாளில் மருத்துவ உலகம் நம்பியது. நோய்க்கிருமி மனிதனுடைய செவ்வணுவுக்குள் வாழ்வதை 1880இல் லாவெரான் கண்டார். அது கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கத் தொடங்கினார். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலரும் இதே காய்ச்சலுக்கு இரையாயினர். ஆகவே, இம்மண்ணின் வரலாற்றுக்கும் செவ்வணுவுக்கும் உள்ள தொடர்பு பழையது. தமிழரும் அதற்குப் புறம்பானவர் அல்லர்.

இன்று அம்பாங் மருத்துவமனை இரத்த நோய்களுக்கான தேசிய மேற்கோள் மையமாக விளங்குகிறது. இரத்தப் புற்றுநோய் கண்டவர் பலர் பிற இடங்களிலிருந்து அங்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் தமிழரும் உளர். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னதை, வீட்டிலுள்ள முதியவர்க்குத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு மகனுக்கோ மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ வந்து சேர்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற அப்பிள்ளைக்கு அந்நேரத்தில் கைகொடுப்பவை எவை? சிறுவயதில் கேட்ட சில சொற்களும் சில உவமைகளுமே. அவை சரியாக இருந்தால் அச்சம் தணியும். தவறாக இருந்தால் அச்சத்தோடு மயக்கமும் சேரும்.

சொல்லுக்குப் பஞ்சமில்லை

உடலியலைத் தமிழில் சொல்லச் சொல் இல்லை என்பார் உளர். அக்கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். உடற்கூற்றை விளக்கும் 'மனுஷாங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. உடலின் இயக்கத்தை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. கலைச்சொல் தேவைப்படும்போது முதலில் தமிழில் தேடுவது, கிடையாவிடின் வடமொழியில் தேடுவது, அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை.

அந்நூல்களின் சொற்கள் இன்று வழக்கொழிந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. எனினும் நன்கு இயங்குதல் என்று பொருள் கொள்ளத்தக்க 'சுகரணம்' என்னும் சொல்லில் ஒரு நுட்பம் இருந்ததை மறுத்தற்கில்லை. உறுப்புகளைப் பிரித்து எண்ணுவது ஒரு துறை. அவை கூடி நலமாக நடப்பதை அறிவது மற்றொரு துறை என்பதை அப்பெயரே காட்டிநின்றது.

கிறீனுக்குப் பின் வந்த தமிழ் மூன்று வழியாகப் பிரிந்தது. ஆங்கிலத்தில் 'செல்' எனப்படுவதை இலங்கைத் தமிழர் கலம் என்றனர். தமிழ்நாட்டார் பெரும்பாலும் செல் என்றே எழுதினர். மலேசியத் தமிழர் உயிரணு என்னும் சொல்லைப் போற்றினர். மூன்றையும் நடுநிலையோடு எடைபோடலாம். 1665இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது சிறுசிறு அறைகளைக் கண்டார். அதனால் துறவியர் மடத்து அறையின் பெயரை அவற்றுக்கு இட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். எனவே மூலச் சொல்லே ஒரு வடிவ உவமைதான். கலம் என்பது ஒன்றைத் தன்னுள் ஏந்துவதைக் குறிப்பதால் அறையினும் மேலானது. ஆயினும் அதுவும் கொள்கலத்தின் வடிவையே நினைவூட்டும். உயிரணு என்பது உயிரை முன்னிறுத்துகிறது. இது அதன் சிறப்பு. ஆனால் அணு என்பது பிளக்கவொண்ணாத நுண்பொருள் என்னும் பழைய எண்ணத்தையும் உடன் கொணர்கிறது. உயிரணுவோ பிளந்து பெருகுவதையே தொழிலாக உடையது. மேலும் தமிழ்நாட்டு வழக்கில் அச்சொல் விந்தணுவையும் குறிக்கும். செல் என்பது இடைநிலைப்பள்ளியில் மாணவர் எதிர்கொள்ளும் மலாய்ச் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதால் அவர்க்கு எளிது. தமிழில் அதற்கு வேர் இல்லாமை குறை.

எச்சொல்லும் முழு நிறைவுடையதன்று. சொல்லின் குறையை விளக்கம் ஈடுசெய்யும். விளக்கம் உவமையால் அமைவது. ஆகவே உண்மையான சிக்கல் கலைச்சொல்லில் இல்லை, உவமையில் இருக்கிறது.

செங்கல்

வீடு செங்கற்களால் ஆனது. உடல் உயிரணுக்களால் ஆனது. இவ்வுவமை எளியது, ஒரே தொடரில் பதிந்துவிடுவது. பலவாகிய சிற்றலகுகள் சேர்ந்து ஒரு பெரும்பொருள் ஆகின்றன என்ற அளவில் இது மெய்யுவமையாகப் பொருந்தும். உயிரணு சேர்ந்து திசு, திசு சேர்ந்து உறுப்பு, உறுப்பு சேர்ந்து மண்டலம், மண்டலம் சேர்ந்து உடல் என்னும் படிநிலையையும் இது எளிதில் காட்டும்.

வினையென்று நோக்கினால் உவமை அங்கேயே இடிந்துவிழுகிறது. செங்கல் கொத்தன் வைத்த இடத்தில் இருக்கும். உயிரணு தன் இடத்தைத் தானே அறியும். செங்கல் மற்றொரு செங்கல்லை ஈனாது; உயிரணு உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்பதை 1850களிலேயே ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ வலியுறுத்தினார். செங்கல் வீட்டின் ஆயுள் முழுதும் இருக்கும். செவ்வணுவின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாள். மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது அறிவியலார் மதிப்பீடு. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை செவ்வணுக்கள். அவற்றில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ இருபது இலட்சம் மடிய, அதே அளவில் எலும்பு மச்சை புதியவற்றைப் படைக்கிறது. ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சம் செங்கற்கள் உதிர்ந்து, இருபது இலட்சம் செங்கற்கள் தாமே முளைத்து, ஆயினும் சுவர் அசையாது நிற்கும் வீட்டை எவரும் கண்டதில்லை.

அம்பாங் மருத்துவமனையில் நடைபெறும் குருத்தணு மாற்றுச் சிகிச்சை இவ்வுவமையின் குறையை வெளிப்படையாக்கும். நோயுற்ற மச்சையை மருந்தால் அழித்தபின், நலமான குருத்தணுக்களை இரத்தமேற்றுவது போலவே சிரையின் வழியாகச் செலுத்துகின்றனர். எலும்பைத் துளைத்து உள்ளே வைப்பதில்லை. குருதியோட்டத்தில் சென்ற குருத்தணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மச்சையைத் தாமே கண்டடைந்து தங்குகின்றன. சில வாரங்களில் செவ்வணு, வெள்ளணு, தட்டணு என வகைவகையாகப் பெற்றெடுக்கத் தொடங்குகின்றன. வாயிலில் இறக்கிவைத்த செங்கற்கள் தாமே நடந்துபோய்ச் சுவராகி நின்றால் அது கட்டடக் கலைக்குள் அடங்காது. செங்கல் உவமையை மட்டும் கற்ற பிள்ளை, இச்சிகிச்சையைத் தன் பாட்டிக்கு எவ்வாறு விளக்கும்?

அரசன்

மூளை அரசன், இதயம் அமைச்சன், உறுப்புகள் ஏவலர் என்னும் உருவகம் தமிழ் மேடைக்கு மிக உகந்தது. மன்னனை உலகத்தின் உயிராகக் கண்ட புறநானூற்று மரபு தமிழருக்கு உண்டு. அங்கே நாட்டை விளக்க உடல் உவமையாயிற்று. பிற்கால உரைநடையாளர் அதைத் திருப்பி, உடலை விளக்க நாட்டை உவமையாக்கினர். திருப்பியபோது உவமை தன் உண்மையை இழந்தது.

உடலில் நிகழும் ஒழுங்கெல்லாம் மூளையின் ஆணையால் நிகழ்வதில்லை. குருதியில் உயிர்வளி குறைந்தால் அதை உணர்ந்து செயற்படும் உறுப்புகளுள் ஒன்று சிறுநீரகம். அது எரித்ரோபொயட்டின் என்னும் சுரப்பை மிகுதியாக வெளியிடும். அதன் தூண்டுதலால் மச்சை செவ்வணுக்களை மிகுதியாகப் படைக்கும். செவ்வணு பெருக உயிர்வளி பெருகும். உயிர்வளி பெருகச் சுரப்புக் குறையும். உயிரணு உயிர்வளியின் அளவை உணரும் முறையைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரகம் பழுதானவர் நாளடைவில் சோகை கொள்வது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அரசன் உவமையில் அதற்கு விடையில்லை. சிறுநீரகத்தைக் கழிவு சுமக்கும் ஏவலனாக மட்டுமே அது காட்டுகிறது. வேறொருவரிடமிருந்து பெற்றுப் பொருத்திய சிறுநீரகம், நரம்புகள் அறுபட்ட நிலையிலும் இச்சுரப்பை உரிய அளவில் வெளியிட்டுச் சோகையைப் போக்குகிறது. அரசாணை சென்று சேராத நாட்டில் ஒழுங்கு குலையாமல் இருப்பதை ஒக்கும் இது.

மூளைக்கு ஆட்சிப் பங்கே இல்லை என்பதும் தவறு. உடல் வெப்பத்தைக் காப்பதில் மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலமஸ் நடுநாயகமாக இருக்கிறது. ஆயினும் அது விரும்பியவாறு ஆணையிடும் மன்னனன்று. செய்தி கேட்டு அதற்கேற்ப அசையும் முள். மனிதன் எவ்வளவு உறுதி கொண்டாலும் தன் காய்ச்சலைத் தணியுமாறு கட்டளையிட இயலாது.

உவமை தன்னோடு அரசியலையும் சுமந்துவரும் என்பது கருதத்தக்கது. விர்ச்சோ மருத்துவராக மட்டுமன்றி, மன்னராட்சியின் மிகையதிகாரத்தை எதிர்த்த அரசியலாளராகவும் வாழ்ந்தார். அவர் உடலை உயிரணுக்களாகிய குடிமக்கள் வாழும் நாடாகக் கண்டார். ஒரே நாடு என்னும் உவமையில் ஒருவர் மன்னனைக் கண்டார். மற்றவர் குடிகளைக் கண்டார். உடலில் இருப்பதைக் கண்டார்களா, தத்தம் காலத்து நாட்டைக் கண்டார்களா என்று கேட்பது திறனாய்வாளர் கடமை.

படைவீரன்

வெள்ளணுக்களைப் படைவீரர் என்பது பயனுவமை. நோய்க்கிருமியை எதிர்த்துக் காக்கின்றன என்ற அளவில் அது பொருந்தும். மூன்றனுள் இதுவே குறைந்த பிழையுடையது. ஆயினும் தீங்கு விளைக்கக் கூடியதும் இதுவே.

படை பெரிதாயின் காவல் பெரிது என்பது இயல்பான எண்ணம். இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் பலமடங்கு பெருகக்கூடும். வெள்ளணு மிகுந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், உடல் வலுவாகப் போராடுகிறது என்று உறவினர் மகிழ்வாராயின் அப்பிழை உவமையின் பிழையே. அங்கே பெருகியவை முதிராத அணுக்கள். போதும் என்னும் செய்தியைக் கேளாமல் பிளந்துகொண்டே செல்பவை. மச்சையின் இடத்தையெல்லாம் அவை பிடித்துக்கொள்வதால் செவ்வணு குறைந்து சோகை வருகிறது; தட்டணு குறைந்து குருதி கசிகிறது; தொழில் செய்ய வல்ல வெள்ளணு குறைந்து காய்ச்சல் வருகிறது. பகை வெளியிலிருந்து வந்ததன்று. நிறுத்தம் இல்லாமற்போனதே நோய். தொடங்குவதும் நிறுத்துவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தே ஒழுங்கு. படைவீரன் உவமை தொடங்குவதை மட்டும் போற்றுகிறது.

குறையும் மிகையும்

தமிழ் மரபில் இதற்கு மாற்று இல்லையா? உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம், வளி முதலிய மூன்றும் அளவில் கூடுவதும் நோய்க்குக் காரணம், குறைவதும் நோய்க்குக் காரணம் என்னும் கருத்தோடு தொடங்குகிறது. வளி, அழல், ஐயம் என்பவற்றை இன்றைய உடலியலின் சுரப்புகளோடு இணைத்துக் காட்டி, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது ஆராய்ச்சியாகாது. அக்கூற்றுகளும் இக்கூற்றுகளும் வேறு. ஆயின் நலம் என்பது இரு எல்லைகளுக்கிடையே நிற்பது என்னும் சிந்தனை வடிவம் தமிழருக்குப் புதிதன்று என்பது மட்டும் உறுதி.

பிரெஞ்சு அறிஞர் கிளாத் பெர்னார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடலுக்குள் ஓர் அகச்சூழல் இருப்பதையும், அது நிலைபெறுவதே உயிர் தடையின்றி வாழக் காரணம் என்பதையும் எடுத்துரைத்தார். அமெரிக்க உடலியலார் வால்டர் கேனன் 1926இல் அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். 1932இல் உடலின் அறிவுத்திறம் பற்றிய தம் நூலில் அதை விரித்தார். இச்சொல்லுக்கு இலங்கையில் 'ஒருசீர்த்திடநிலை' என்னும் ஆக்கம் வழங்குகிறது. பிற இடங்களில் சமநிலை பேணல் என்பர். முன்னதில் 'திடம்' அசையாமையைத் தோற்றுவிக்கிறது. தம் சொல் அசைவற்ற தேக்கத்தைக் குறிப்பதன்று என்று கேனனே எச்சரித்திருந்தார். பின்னதில் உள்ள 'பேணல்' செயலைக் குறிப்பதால், நீளமாயினும் அதுவே உண்மைக்கு நெருங்கியது.

மதகும் கலிங்கும்

இவ்வியல்பை வினையால் ஒக்கும் உவமை ஒன்றை அம்பாங்கின் பெயரே தன்னுள் கொண்டிருக்கிறது. அணை எனப் பொருள்படும் 'எம்பாங்கான்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து அம்பாங் வந்ததென்பர். அவ்வட்டாரத்துக்கு மேலே கிள்ளான் ஆற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை நிற்கிறது. தமிழகத்து ஏரியையும் குளத்தையும் விட்டுவந்தவர் வழித்தோன்றல்கள் அணையின் பெயர் தாங்கிய ஊரில் வாழ்கின்றனர்.

தமிழக ஏரிக்கு மதகும் உண்டு, கலிங்கும் உண்டு. மதகு, வேண்டிய வயலுக்கு வேண்டிய அளவு நீரை விடுவது. கலிங்கு, மிகை நீர் தானே வழிந்தோடும்படி கரையின் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல்லால் கட்டியது. ஏரி நிரம்பிவிட்டது என்று ஒருவரும் சொல்ல வேண்டுவதில்லை. நீரின் மட்டமே செய்தி, நீரின் மட்டமே ஆணை. அரசன் உறங்கினாலும் கலிங்கு உறங்காது.

குருதியில் சர்க்கரையின் ஒழுங்கை இதனோடு வைத்து நோக்கலாம். முழுக் குருதியிலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. உண்ணாத நேரத்தில் அதன் மட்டம் லிட்டருக்கு 4 முதல் 6 மில்லிமோலுக்குள் நிற்கும். 1869இல் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த கணையத் தீவுகள் அம்மட்டத்தை இடையறாது அளக்கின்றன. உணவுக்குப்பின் மட்டம் ஏறினால் இன்சுலின் சுரக்கும். தசைக்கும் கொழுப்புக்கும் செல்லும் மடைகள் திறக்கும். மட்டம் இறங்கினால் குளுக்கோகன் சுரக்கும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடும். மட்டம் ஏறத்தாழ 10 மில்லிமோலைக் கடந்தால் சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க இயலாமற்போகிறது. மிஞ்சியது சிறுநீரோடு வழிந்துவிடுகிறது. அதுதான் கலிங்கு.

இவ்வுவமையின் வெளிச்சத்தில் ஒரு நோயின் பெயர்களைக் காண்க. மலேசியத் தமிழர் அதை இனிப்பு நீர் என்கின்றனர். ஏட்டு வழக்கு நீரிழிவு என்கிறது. சித்த மருத்துவம் மதுமேகம் என்கிறது. மூன்றும் உடலை விட்டு வெளியேறியதைக் கண்டு வைத்த பெயர்கள். கலிங்கில் நீர் வழிந்த பிறகு ஏரிக்கு இட்ட பெயர்கள். கலிங்கு வழியுமுன்னரே மடைகள் அடைபட்டிருக்கும். மட்டம் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உயர்ந்திருக்கும். 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 வயது நிரம்பிய மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நோயுற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதை அறியாதவர். சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லை, ஆகவே நோயில்லை என்று ஒருவர் எண்ணுவதற்குப் பெயரும் ஒரு காரணமாகலாம். பெயரை மாற்ற வேண்டுவதில்லை. அப்பெயர் கலிங்கின் பெயர், மட்டத்தின் பெயரன்று என்று விளக்கினால் போதும்.

காய்ச்சலையும் இவ்வுவமை விளக்கும். கலிங்கின் மேல் நட்ட கற்களுக்கிடையே பலகையோ மண்ணோ இட்டு நீரின் மட்டத்தை உயர்த்துவது தமிழகத்து வழக்கம். நோய்க்கிருமி புகுந்தபோது உடலும் தன் வெப்பத்தின் கலிங்கை உயர்த்துகிறது. புதிய மட்டத்தை எட்டும்வரை குளிரும் நடுக்கமும் உண்டாகின்றன. கலிங்கு மீண்டும் தாழ்ந்தபோது வியர்க்கிறது. உடல் கொதிக்கும்போதே குளிர்கிறது என்று நோயாளி போர்வை கேட்பது முரணன்று.

உவமையின் எல்லை

ஏரி உவமைக்கும் எல்லை உண்டு. கலிங்கு மிகையை மட்டுமே அறியும். உடலோ குறையையும் அறிந்து ஈடுசெய்கிறது. ஏரியின் மதகைத் திறக்க நீர்க்கட்டி என்னும் ஆள் வேண்டும். உடலின் மதகுகளும் நீர்க்கட்டியும் உடலுக்குள்ளேயே அடங்குகின்றன. ஏரிக்கரையை மனிதர் மராமத்துச் செய்கின்றனர். உடலின் கரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. இவ்வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்லும்போதே உவமை கல்வியாகிறது. எவ்வளவு ஒக்கும் என்பதோடு எங்கே ஒவ்வாது என்பதையும் சொல்லுமாறு செங்கல்லையும் அரசனையும் படைவீரனையும் பயன்படுத்தியிருந்தால், அவற்றாலும் இத்துணை மயக்கம் நேர்ந்திராது.

உடலை விளக்க வரும் எவ்வுவமையையும் நான்கு வினாக்களால் சோதிக்கலாம். மாற்றத்தை உணர்வது எது? செய்தியைச் சுமப்பது எது? செயலாற்றுவது எது? போதும் என்று நிறுத்துவது எது? செங்கல் இந்நான்கில் ஒன்றுக்கும் விடை தராது. அரசன் ஆணையைச் சொல்வான். உணர்தலையும் நிறுத்தலையும் சொல்லான். படைவீரன் செயலைச் சொல்வான், நிறுத்தத்தைச் சொல்லான். ஏரி மூன்றுக்கு விடை தந்து, செய்தியைச் சுமப்பதில் தயங்கும். அங்கே சுரப்புகளைப் பற்றி ஆசிரியர் தனியே எடுத்துரைக்க வேண்டும்.

இப்பணி தமிழாசிரியருக்கு உரியதா, அறிவியல் ஆசிரியருக்கு உரியதா என்ற கேள்வி எழலாம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் 2003 முதல் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன; அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. தமிழில் அறிவியல் பயில்வோரும் ஆறாம் ஆண்டோடு அதை நிறுத்திவிடுகின்றனர். உயிரணுவைப் பற்றிய முறையான பாடம் இடைநிலைப்பள்ளியில் வேறு மொழியில் தொடர்கிறது. ஆகவே, அதன்பின் உடலைப் பற்றித் தமிழில் சிந்திக்க மாணவனுக்கு எஞ்சியிருக்கும் இடம் தமிழ்மொழி வகுப்பு ஒன்றே. அங்கே உவமவியல் நடத்தப்படும் நாளில், புலிக்கும் பவளத்துக்கும் அடுத்தபடியாகச் செங்கல்லையும் கலிங்கையும் கரும்பலகையில் எழுதி, எது மெய், எது வினை என்று வினவலாம். தொல்காப்பியரின் பாகுபாடு அதற்கு இடம் தருகிறது.

அவ்வாறு பயின்ற மாணவி ஒருத்தி நாளை அம்பாங் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் தன் பாட்டியின் அருகே அமர நேரலாம். 'வெள்ளணு கூடியிருக்கிறதாமே, நல்லதுதானே?' என்று பாட்டி கேட்கலாம். 'கூடுவது மட்டும் நலமன்று பாட்டி. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும். அந்த நிறுத்தத்தைத்தான் மருத்துவர் மீட்கப் பார்க்கிறார்' என்று அவள் தன் தாய்மொழியில் சொல்லக் கூடுமாயின், உவமவியல் பாடம் தன் பயனை அடைந்ததாகும்.